பிறர் பெயரில் ஒரு காப்பியம்: மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் எழுத்து வாழ்க்கையும் மாறிவந்த புரவலர் உலகமும்

நூலுக்குச் சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டிய செய்திகள் எட்டு என வரையறுக்கும் நன்னூல், ஆக்கியோன் பெயரை அவற்றுள் முதலில் வைக்கிறது. அந்த இலக்கணத்தை மாணாக்கர்க்குப் பலமுறை பாடம் சொன்ன ஒரு புலவர், தம் காப்பியமொன்றில் அந்த முதற்செய்தியையே விட்டுக்கொடுத்தார். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் (1815–1876) வாழ்க்கை பெரும்பாலும் ஆசிரியப் பெருமையின் வரலாறாகவே கூறப்பட்டு வந்துள்ளது. கேட்டவர்க்குக் கேட்டவண்ணம் பாடிக்கொடுத்து வாழ்ந்த ஒருவரின் வரலாறாக அதனை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு அடிப்படை, அவர்தம் மாணவர் உ.வே. சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்ட சரித்திரமாகும்.

பிள்ளை 1815 ஏப்ரல் 6இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த எண்ணெய்க்கிராமத்தில் பிறந்தார். தந்தை சிதம்பரம் பிள்ளை மதுரையை விட்டு வந்து அப்பகுதியில் பள்ளிக்கூடம் நடத்திப் பிழைத்தவர். அவரே முதல் ஆசிரியர். இளமையிலேயே தந்தையை இழந்த பிள்ளை, கற்றவர் எவர் என்று கேட்டறிந்து தேடிச் சென்று பாடம் கேட்டார். தண்டியலங்காரம் தெரிந்த பரதேசி ஒருவர் திருச்சியில் பிச்சை எடுத்துத் திரிந்தபோது அவர்க்குப் பணிவிடை செய்து அந்நூலைக் கற்றுக்கொண்டார். பின்னர்ச் சென்னைக்குச் சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியார் முதலியோரிடம் கற்றார். நிலமோ ஊதியமோ அவருக்கு இல்லை. கல்வி ஒன்றே முதல். அதனைப் பொருளாக்கும் வழி செய்யுள் ஒன்றே.

அக்காலத்தில் அவ்வழி எவ்வாறு இயங்கிற்று என்பது விளக்கத்துக்குரியது. ஒரு தலத்தில் செல்வாக்குடையோர் தம் ஊர்க்குப் புராணம் வேண்டுமென விரும்புவர். வடமொழியில் தலபுராணம் இருப்பின், வடமொழி வல்லார் அதனைத் தமிழ் வசனமாக்கித் தருவர். புலவர் நாட்டுப்படலம், நகரப்படலம் முதலியன சேர்த்துச் செய்யுளாக்குவார். பாடும் காலம் முழுதும் கைக்குப் பெரும்பாலும் ஒன்றும் வாராது. கோயில் மண்டபத்தில் நாள்தோறும் படித்துப் பொருள் கூறி அரங்கேற்றம் நிறைவுற்ற பின்னரே பொன்னாடையும் பொருளும் கிடைக்கும். தொகையும் பெரும்பாலும் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. ஆகவே இத்தொழிலில் நிலைப்பதற்கு விரைவு இன்றியமையாதது. ஒரு நூல் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததற்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

விரைவில் பிள்ளைக்கு நிகரானவர் அக்காலத்தில் அரியர். அவர் கையால் எழுதுவதில்லை; சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதுவர். எழுத்தாணி பிடித்த கை ஓயும். சொல்லும் வாய் ஓயாது. வந்தவரோடு உரையாடியபடியே விட்ட இடத்திலிருந்து அடுத்த செய்யுளைத் தொடங்குவார். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களும் பத்துப் பிள்ளைத்தமிழும் கோவை, உலா, அந்தாதி முதலிய பலவும் இம்முறையில் எழுந்தவை. அவற்றில் ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வருகிறது என்று பிற்காலத் திறனாய்வாளர் குறை கூறுவதுண்டு. குறை உண்மையே. ஆயினும் மரபாகக் கிடைத்த அமைப்பு கைவசம் இருந்ததனால்தான் ஒரு புலவர் இத்தனை ஊர்களின் வேண்டுகோளை ஏற்க முடிந்தது என்பதையும் உடன் கருத வேண்டும்.

பெங்களூர்

வல்லூர் தேவராச பிள்ளை பெங்களூரில் வாழ்ந்த செல்வர். தமிழ் கற்கும் ஆர்வமுடையவர். அவர் அழைப்பின்பேரில் 1850ஐ ஒட்டிய காலத்தில் பிள்ளை அங்குச் சென்று தங்கிப் பாடம் சொன்னார். அங்கு உருவானதே குசேலோபாக்கியானம். அது தேவராச பிள்ளை இயற்றியதாகவே வெளிவந்தது.

பாடுவித்தவர் பெயரை நூலுள் போற்றுவது தமிழில் பழைய வழக்கு. கம்பர் சடையப்ப வள்ளலைப் போற்றியது யாவரும் அறிந்தது. அங்கெல்லாம் செய்தவர் பெயர் நீங்குவதில்லை. பெங்களூரில் நிகழ்ந்தது வேறு: செய்வித்தவரே செய்தவரானார். செல்வர்க்குப் பொருள் உண்டு, மாணவர் என்னும் உரிமை உண்டு, புலவர் என்னும் பெயர் ஒன்றே குறை. பிள்ளைக்கோ பாட்டுக்குக் குறைவில்லை; பொருளே குறை. மாணவர் செய்யுளை ஆசிரியர் திருத்துவது வழக்கமாதலின், திருத்துவதற்கும் முழுதும் பாடித் தருவதற்கும் இடையிலுள்ள கோடு அக்காலத்தில் அத்துணைத் தெளிவாக இருந்ததில்லை. இந்நிகழ்ச்சியை மோசடி என்று எளிதில் தள்ளிவிடுவது பொருந்தாது. ஆசிரியரின் பெருந்தன்மை என்று மட்டும் கூறி முடிப்பதும் பொருந்தாது. கொடுத்தவரும் பெற்றவரும் தத்தம் தேவையை அறிந்தே உடன்பட்டனர்.

நூலின் பொருள் இங்குக் கருதத்தக்கது. குசேலர் இருபத்தேழு மக்களைப் பெற்று வறுமையில் உழல்பவர். செல்வனான நண்பன் கண்ணனைக் காணச் சென்று, கேட்க வந்ததைக் கேளாமலே திரும்புபவர். செல்வர் இல்லத்திலிருந்து வறுமையைப் பாடிய புலவரும் வாய்திறந்து கேட்கும் இயல்பினர் அல்லர். சைவப் பற்று மிக்க அவர் பாடிய கண்ணன் கதை, அவர் தம் பெயரில் பாடிய எந்தத் தலபுராணத்தையும்விடப் பரவலாகப் படிக்கப்பட்டது, பலமுறை அச்சேறியது. தலபுராணம் அவ்வவ்வூரார்க்கு உரியது. குசேலர் கதைக்கு ஊர் இல்லை. அவர் பெயர் நின்ற நூல்களுக்குப் படிப்பவர் குறைவு. படிப்பவர் மிக்க நூலில் அவர் பெயர் இல்லை.

இது ஒன்றோடு நின்றதன்று. பொருளுடையாரை நாடிச் செல்லும் எளிய வித்துவான்கள் தம் பெயரில் செய்யுள் வேண்டி அவரிடம் வருவதுண்டு. பாடிக்கொடுப்பார், பெற்றவர் அதனைக் காட்டிப் பரிசு பெறுவர். இவற்றுக்கு அவர் ஒன்றும் பெற்றிலர்.

மாயூரம்

1860இல் பிள்ளை திருச்சியை விட்டு மாயூரத்தில் குடியேறினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் அம்பலவாண தேசிகர் மகாவித்துவான் என்னும் பட்டம் அளித்தார். பின்வந்த சுப்பிரமணிய தேசிகர் காலத்திலும் ஆதரவு தொடர்ந்தது. இந்தக் குடியேற்றம் அவர் வாழ்வில் தொழில் நோக்கில் மிகச் சிறந்த முடிவு எனலாம். காவிரிக் கரைத் தலங்கள் பலவற்றுக்கும் மடத்துக்கும் இருந்த தொடர்பு அவருக்கும் தொடர்பாயிற்று. மடத்தின் பட்டமே அவர்க்கு நற்சான்றாயிற்று.

புரவலர் கூட்டமும் மாறிவந்தது. பழைய பாளையக்காரர் இருந்த இடத்தில் ஆங்கில அரசின் அலுவலர் வந்தனர். திருக்குடந்தைப் புராணம் பாடும் முயற்சிக்கு முன்னின்றவர் கும்பகோணத்துத் தாசில்தார் சிவகுருநாத பிள்ளை. மாயூரத்து முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை மீது குளத்தூர்க் கோவை பாடப்பட்டது. கிறித்தவரான நீதிபதி ஒருவர் கோவைக்குத் தலைவராவதைச் சைவ மரபினர் யாவரும் ஒப்புவர் எனக் கூற முடியாது. பிள்ளை தயங்கினார் அல்லர். பட்டியலில் புதிய பதவிப்பெயர்கள் வந்தன. பாடும் வகை மட்டும் மாறவில்லை.

மாற்றம் அலுவலரோடு நிற்கவில்லை. 1835இல் அச்சுக்கூடம் வைக்கும் தடை நீங்கியபின் நூல் வெளியீடு பெருகிற்று. ஆறுமுக நாவலர் போன்றோர் வசனத்தை வளர்த்தனர். அச்சேறும் நூல்களுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டியவர் பலர். பிள்ளை அவற்றை ஏராளமாகப் பாடித் தந்தார். அச்சுலகம் அவரிடம் வேண்டியது அவ்வளவே. அவர் வசன நூல் எழுத முற்படவில்லை. அவர் பாட்டுடைத் தலைவராக்கிப் போற்றிய நட்பினரான வேதநாயகம் பிள்ளையோ 1879இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார்.

மாதச் சம்பளம் என்னும் மற்றொரு வழியும் அப்போது திறந்தது. அவர் மாணவர் தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்விடத்துக்கு 1880இல் வந்த சாமிநாதையர் பெற்றது மாதம் ஐம்பது ரூபாய். எந்தத் தேதியில் எவ்வளவு வரும் என்று அறிந்து வாழும் வாழ்வு ஆசிரியர்க்குக் கிட்டாமல் மாணவர்க்குக் கிட்டிற்று.

கடன்

தேவை குறையவில்லை, வருவாய்தான் நிலைக்கவில்லை. இறுதி ஆண்டுகளிலும் வேலுசாமி பிள்ளை விருப்பப்படி அம்பர்ப் புராணமும், ஆவுடையார்கோயிலுக்குத் திருப்பெருந்துறைப் புராணமும் பாடப்பட்டன. பாடம் சொன்னதற்கு அவர் பணம் பெற்றதில்லை. மாறாக, மாணவர் பலர் அவர் வீட்டிலேயே உண்டனர். வந்த பொருள் வரும் முன்பே கடனுக்கு உரியதாயிருந்தது. 1871இல் சேர்ந்த சாமிநாதையர் அவ்வீட்டின் தட்டுப்பாட்டை நேரில் கண்டவர். இத்துணை வேலை இருந்தும் கடன் ஏன் என்பதற்கு, அவர் தம் எழுத்துக்குத் தாமே விலை கூறியதில்லை என்பதே பெரிதும் பொருந்தும் காரணம். பெங்களூரில் பெயரைக் கொடுத்ததும் எளியவர்க்குப் பாட்டைக் கொடுத்ததும் ஒரே இயல்பின் இரு செயல்கள். முன்னதில் பெற்றவர் செல்வராயிருந்தார், பின்னதில் வறியராயிருந்தார்.

பிள்ளை 1876 பிப்ரவரி 1இல் திருவாவடுதுறையில் கடன் தீராமலே காலமானார். திருவாசகத்தின் அடைக்கலப்பத்து அருகே படிக்கப்பட்டது. சாமிநாதையரும் சவேரிநாத பிள்ளையும் உடனிருந்தனர். அவருடைய சிறு நூல்களைச் சாமிநாதையர் 1910இல் பிரபந்தத்திரட்டாகத் தொகுத்தார். குசேலோபாக்கியானத்தின் உண்மை ஆசிரியர் யார் என்பது மாணவர் வட்டத்தில் வழங்கிய செய்தியாக இருந்து, பின்னர்ச் சரித்திரத்தின் வழியே நிலைபெற்றது. பெயரைக் கொடுத்தவர் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தது. அதற்குள் பல பதிப்புகள் வந்துவிட்டன; முகப்பில் தேவராச பிள்ளையின் பெயரே நிலைத்தது.