நீர்ப்புள் நோக்கிய நெடும்பொறுமை

தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் மக்கள் எண்மருள் இளையவராக 1912ஆம் ஆண்டு பிறந்தவர் மா. கிருஷ்ணன். தந்தை 1925இல் மறைந்தபோது அவருக்கு அகவை 13. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர் பின்னர்ச் சட்டமும் கற்றார். 1942 முதல் சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, அரசரின் செயலாளர் எனப் பல பணிகள் ஆற்றினார். 1949இல் அச்சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின், எழுத்தையும் ஒளிப்படத்தையுமே தம் வாழ்வாகக் கொண்டார்.

காட்டு யானைகளைப் படமெடுத்தவராகவே பலரும் அவரை அறிவர். எனினும், நீர்ப்பறவைகளும் அவர்தம் நோக்கிற்கு உரியவையாயின. வேடந்தாங்கலைப் பற்றி அவர் எழுதியுள்ளார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை உணர்ந்த அவ்வூர் மக்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைக் காக்கும் உரிமையை ஆட்சியாளரிடம் பெற்றவர்கள்.

வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறைய, மார்கழி தை மாதங்களில் நீரிடை நிற்கும் கடம்ப மரங்களில் கூடுகள் மலியும். வெண்புள்ளை நண்பகல் வெயிலில் படமெடுப்பின் இறகின் வரிகள் வெளுத்து மறையும். ஆதலின் காலையும் மாலையும் விழும் சாய்ந்த ஒளிக்காகக் காத்திருத்தல் வேண்டும். கூட்டை நெருங்கின் தாய்ப்பறவை அஞ்சி எழும். அந்த இடைவேளையில் முட்டையைக் காகம் கவரும். நிழலற்ற குஞ்சு வெயிலில் வாடும். ஒரு படத்தின் விலை ஓர் உயிராதல் கூடும். உயிர்களின் இயல்பான வாழ்வைக் குலைக்காது காண்பதே கிருஷ்ணன் கைக்கொண்ட நெறி.

பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த படக்கருவிக்கு அவர் 'சூப்பர் பாண்டரோசா' எனப் பெயரிட்டிருந்தார். வண்ணப்படம் எங்கும் பரவிய பின்னும் கறுப்பு வெள்ளையை அவர் கைவிடவில்லை. அதில் ஒரு நயம் உண்டு. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவே மூடாது இடைவெளி விட்டிருப்பதும், கரண்டிவாயனின் அலகு நுனியில் தட்டையாய் விரிந்திருப்பதும் வண்ணத்தால் அறியப்படுவன அல்ல, வடிவால் அறியப்படுவன. கவிதையிலும் நிறங்கூறும் அடைமொழிகள் பல அடுக்குவதினும் உருவை உணர்த்தும் ஒரு சொல் வலிமையுடையதன்றோ?

அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950இல் தொடங்கிய அவரது கட்டுரைத் தொடர், அவர் மறைந்த 1996 பிப்ரவரி 18 வரை நீண்டது. இறுதிக் கட்டுரை அன்றுதான் வெளிவந்தது.

மிகுதியும் ஆங்கிலத்தில் எழுதிய அவர் தமிழில் எழுதியவை குறைவே. அவற்றை அவர் மறைவுக்குப் பின் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தொகுத்தளித்தார். வக்கா, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எனத் தனித்தனிப் பெயர்கள் தமிழில் இருக்க, பாட்டில் வருவன யாவும் வெறும் பறவைகளாகவே பறந்து போவது முறையாகுமா? இவ்வினாவைக் கவிஞர்முன் வைப்பது கிருஷ்ணனின் வாழ்வு.