முகிலைக் கலத்தில் வருவித்தவர்

மேகத்தைத் தூது விடுத்த கவிஞர்களை நாம் அறிவோம். மேகத்தையே கண்ணாடிக் கலத்துள் வருவித்து, கண்ணுக்குப் புலனாகாத துகள்களின் சுவடுகளை அதில் காட்டியவர் சார்லஸ் தாம்சன் ரீஸ் வில்சன்.

1869-இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரை அடுத்து ஆட்டுப்பண்ணை நடத்திய ஒருவரின் மகனாகப் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். கல்கத்தாவில் வணிகம் செய்த மூத்த தாரத்து அண்ணனின் பொருளுதவி அவரது படிப்புக்குத் துணை நின்றது.

1894 செப்டம்பரில் பென் நெவிஸ் மலையுச்சி வானிலை ஆய்வு நிலையத்தில் இரு வாரங்கள் தங்கினார். கீழே பரந்த மூடுபனியில் விழுந்த நிழலைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றின. அவ்வழகை ஆய்வுக்கூடத்தில் மீண்டும் காண விழைந்ததே எல்லாவற்றுக்கும் தொடக்கம். துகள்களை அளக்கும் எண்ணம் அன்று அவருக்கு இல்லை.

ஈரக்காற்றைத் திடீரென விரியச் செய்தால் அது குளிரும். நீராவி தூசியைப் பற்றித் துளியாகும். தூசியை அறவே நீக்கிய பின்னும், காற்றின் பருமன் 1.25 மடங்கைத் தாண்டி விரிந்தபோது சில துளிகள் விழுந்தன. 1896-இல் எக்ஸ் கதிரைச் செலுத்தினார். துளிகள் அடர்பனியாய்ப் பெருகின. மின்னேற்றம் பெற்ற அயனிகளே அவற்றின் கரு என்பது புலனாயிற்று. அவ்வாறாயின், வழியெங்கும் அயனிகளை உண்டாக்கியபடி விரையும் துகளின் பாதையும் முகிலாகத் தெரிய வேண்டுமன்றோ? 1911-இல் தெரிந்தது, வெண்ணூல் இழைகளாக. இடையில் பதினைந்து ஆண்டுகள். கண்ணாடிக் கலங்களைத் தம் கையாலேயே ஊதியும் தேய்த்தும் செய்தார். உடைந்தால் சலிக்காமல் மறுபடி தொடங்குவார். ஒரு வரியை நான்கு முறை திருத்தவே நமக்கு அலுப்பு வந்துவிடுகிறது.

ஆல்ஃபா துகளின் சுவடு எவ்வளவு நீளமோ, அவ்வளவு அதன் ஆற்றல். காந்தப்புலத்தில் வைத்தால் சுவடு வளையும். ஆற்றல் மிக்கது குறைவாகவே வளையும். 1932-இல் அமெரிக்காவின் கார்ல் ஆண்டர்சன், 6 மில்லிமீட்டர் ஈயத்தகட்டினுள் 63 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் புகுந்து 23 மில்லியனுடன் வெளிவந்த ஒரு துகளை இவ்வளைவைக் கொண்டே அளந்தார். வளைந்த திசை, அது நேர்மின் துகளென்று காட்டிற்று. பாசிட்ரான் கண்டறியப்பட்ட கதை இது.

1927-இல் வில்சனுக்கு நோபல் பரிசு, ஆர்தர் காம்ப்டனுடன் பகிர்ந்து கிடைத்தது. அளக்கும் பெருமையைப் பிறருக்கு விட்டு, அவர் மேகத்திடமே திரும்பினார். 1959-இல் மறைவதற்கு மூன்றாண்டுகள் முன்பு, தம் 87-ஆம் வயதில், இடிமேகங்களின் மின்சாரம் குறித்துக் கடைசிக் கட்டுரையை வெளியிட்டார். எண்பதைக் கடந்த பின்னர், எடின்பரோ வானிலையியல் மாணவர்களுடன் விமானமேறி, ஸ்காட்லாந்தின் தீவுகளுக்கு மேலே மிதந்த மேகங்களை அருகிருந்து பார்த்தார்.