ஒரு பக்கம் ஒலிம்பிக் தங்கம், இன்னொரு பக்கம் பெவிலியன் நாற்காலி: எம்.ஜே.கோபாலன் எடுத்த முடிவு

சேப்பாக்கத்தில் மேட்ச் இருக்கிற நாளில் மதியம் விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் போனால் மஞ்சள் ஜெர்சிகள் கண்ணில் படாமல் இருக்காது. ரயில் திண்டிவனம், செங்கல்பட்டு, தாம்பரம் என்று போகப் போகக் கூட்டமும் ஏறிக்கொண்டே இருக்கும். பேச்சு முழுக்க ஒரே விஷயம்தான். இன்னைக்கு லெவன்ல யார் யாரு? டாஸ் முடிந்து பட்டியல் வந்ததும் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். நம்ம ஆளு வெளியில உட்கார்ந்திருக்கார். ஏன் எடுக்கல, யார் சொல்லி எடுக்கல என்று எழும்பூர் வரும்வரைக்கும் விவாதம் ஓடும்.

இந்த ஆதங்கம் ஐ.பி.எல் வந்த பிறகு முளைத்தது என்று நினைத்தால் தப்பு. இதற்குத் தொண்ணூறு வயசுக்கு மேல் ஆகிறது. சென்னையில் முதல் டெஸ்ட் மேட்ச் நடந்தபோதே, நம்ம ஊரின் பெரிய வேகப்பந்து வீச்சாளருக்கு அணியில் இடம் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அதே மனிதர் கிரிக்கெட்டுக்காக ஒரு ஒலிம்பிக் தங்கத்தையே கைவிட்டார். அப்போதும் அவரை ஒரு டெஸ்டில்கூட இறக்கவில்லை.

அவர்தான் எம்.ஜே.கோபாலன். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர்.

இனிஷியலில் ஒரு கிராமம்

எம் என்றால் மொறப்பாக்கம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர். முழுப்பெயர் மொறப்பாக்கம் ஜோசியம் கோபாலன். பதிவேடுகளின்படி பிறந்த தேதி 1909 ஜூன் 6. சின்ன வயதிலேயே குடும்பம் சென்னை திருவல்லிக்கேணிக்கு வந்துவிட்டது.

திருவல்லிக்கேணி ஒரு பையனை விளையாட்டுப் பக்கம் இழுக்கப் போதுமான இடம். கூப்பிடு தூரத்தில் கடற்கரை, நடந்து போகிற தூரத்தில் சேப்பாக்கம் மைதானம். அந்தப் பேட்டைக்கென்றே ஒரு கிரிக்கெட் கிளப்பும் இருந்தது. திருவல்லிக்கேணியா, மயிலாப்பூரா என்ற போட்டி அந்தக் காலத்துச் சென்னையில் சாதாரண விஷயம் கிடையாது.

அங்கே ஆடிக்கொண்டிருந்த கோபாலனைக் கண்டெடுத்தவர் சி.பி.ஜான்ஸ்டன். இங்கிலாந்தில் கென்ட் அணிக்கு ஆடியவர், சென்னை கிரிக்கெட்டை வளர்த்த வெள்ளைக்காரர்களில் முக்கியமானவர். அவர் முயற்சியில்தான் கோபாலனுக்கு பர்மா ஷெல் கம்பெனியில் வேலை கிடைத்தது. விளையாட்டால் சம்பாதிக்க முடியாத காலம் அது. அரசர்கள் ஆதரவு இல்லாத ஒரு பையன் தொடர்ந்து ஆட வேண்டும் என்றால் மாசச் சம்பளமும், மேட்ச் நாளில் லீவு கொடுக்கிற கம்பெனியும் கட்டாயம் வேண்டும். இரண்டும் கிடைத்தன. அதனால்தான் நமக்கு ஒரு கோபாலன் கிடைத்தார்.

வருடா வருடம் பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் பிரெசிடென்சி மேட்ச் நடக்கும். இந்தியர்கள் ஒரு பக்கம், ஐரோப்பியர்கள் ஒரு பக்கம். ஆளுகிறவனை ஆளப்படுகிறவன் சட்டபூர்வமாகத் தோற்கடிக்க முடிந்த இடம் என்றால் அந்த மைதானம்தான். அதனால் இந்திய அணிக்குப் பந்து வீசுகிறவர் ஊர் நாயகனாக ஆகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்படித்தான் கோபாலனின் பெயரும் பரவியது. 1930-31-ல் விஜயநகரம் இளவரசர் 'விஸ்ஸி', இங்கிலாந்தின் ஜாக் ஹாப்ஸையும் சட்க்ளிஃபையும் தன் அணியில் சேர்த்துக்கொண்டு இந்தியா, இலங்கை முழுக்கச் சுற்றி வந்தார். அந்த அணிக்கு எதிராகவும் கோபாலன் ஆடினார். இந்த விஸ்ஸி பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வருவார்.

கல்கத்தாவில் ஆடினார், சென்னையில் இல்லை

1933-34 சீசனில் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி வந்தது. இந்திய மண்ணில் டெஸ்ட் மேட்ச் நடந்தது அதுதான் முதல் முறை. மொத்தம் 3 டெஸ்ட்: பம்பாய், கல்கத்தா, சென்னை.

1934 ஜனவரி 5-ம் தேதி கல்கத்தா ஈடன் கார்டனில் தொடங்கிய டெஸ்டில் கோபாலன் அறிமுகமானார். முதல் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 11 ரன், இரண்டாவதில் 7 ரன், பந்து வீச்சில் 1 விக்கெட். மேட்ச் டிரா. அறிமுக ஆட்டத்துக்கு அமர்க்களம் என்று சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. அடுத்த வாய்ப்பில் பார்த்துக்கலாம் என்று ரசிகர்கள் சொல்கிற வகை ஆட்டம்.

அடுத்த டெஸ்ட் பிப்ரவரி 10-ம் தேதி சேப்பாக்கத்தில். சொந்த ஊர், சொந்த மைதானம், சொந்த ஜனம். ஆனால் கோபாலன் லெவனில் இல்லை.

அன்றைக்கு விழுப்புரமும் திண்டிவனமும் தென்னார்க்காடு மாவட்டம். மீட்டர் கேஜ் ரயிலில் எழும்பூர் போய் இறங்கி, சென்னையின் முதல் டெஸ்டைப் பார்க்க வந்த ஒரு ரசிகரைக் கற்பனை செய்து பாருங்கள். அமர்சிங் அந்த மேட்சில் ஒரே இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்தார், அதைப் பார்த்துக் கை தட்டியிருப்பார். ஆனாலும் நம்ம ஆளு எங்கே என்ற கேள்வி உள்ளே உறுத்தாமல் இருந்திருக்குமா?

நியாயமாகப் பார்த்தால் தேர்வாளர்கள் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. புதுப்பந்துக்கு முகமது நிசார், அமர்சிங் என்று இரண்டு பேர் இருந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்தில் எந்த அணியும் ஆசைப்படக்கூடிய ஜோடி. அவர்களைத் தாண்டி மூன்றாவது ஆளாக உள்ளே நுழைய வேண்டும். கோபாலன் வாழ்க்கை முழுக்க இந்தச் சுவர் குறுக்கே நின்றது. திறமை இருந்தும், ஒரே இடத்துக்கு இன்னும் திறமையான இரண்டு பேர் இருந்துவிட்டால் யாரைக் குறை சொல்வது?

ரஞ்சியின் முதல் பந்து

அதே வருடம் சேப்பாக்கம் அவருக்கு வேறொரு இடம் கொடுத்தது. இன்றுவரை யாராலும் பறிக்க முடியாத இடம்.

1934 நவம்பர் 4. இன்று ரஞ்சி டிராபி என்று நாம் சொல்கிற தேசியப் போட்டியின் முதல் ஆட்டம். சென்னைக்கும் மைசூருக்கும். போட்டி வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். எதிரே நின்றவர் மைசூரின் கர்டிஸ். மேட்ச் ஒரே நாளில் முடிந்துபோனது. மைசூர் 48, சென்னை 130, மறுபடி மைசூர் 59. இன்னிங்ஸ், 23 ரன் வித்தியாசத்தில் சென்னைக்கு வெற்றி. 11 விக்கெட் எடுத்து ஆட்டத்தை முடித்து வைத்தவர் ஏ.ஜி.ராம்சிங். அவரும் ஒரு டெஸ்ட்கூட ஆடாமலே போனவர். சென்னை ரசிகர்களின் புலம்பல் பட்டியல் அன்றைக்கே கொஞ்சம் நீளம்தான்.

மைதானத்தின் அச்சாணி

கோபாலனின் இன்னொரு முகம் ஹாக்கி. அந்தக் காலத்து ஹாக்கியில் முன்வரிசையில் 5 பேர், நடுவில் 3 பேர், பின்னால் 2 பேர், கடைசியில் கோல்கீப்பர். நடுவில் நிற்கிற மூவரில் மையத்தில் இருப்பவர் சென்டர் ஹாஃப். எதிரணித் தாக்குதலை உடைப்பதும் அவர் வேலை, அங்கிருந்தே பந்தை முன்வரிசைக்குப் பிரித்துக் கொடுப்பதும் அவர் வேலை. கோல் போட்டவர் பெயர் பேப்பரில் வரும். அந்தப் பந்து எங்கிருந்து வந்தது என்பது ஆட்டம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் ஆடியவர் கோபாலன்.

1935-ல் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, இலங்கைக்குப் பயணம் போனது. தயான்சந்த் இருந்த அந்த அணியில் கோபாலனும் இருந்தார். 48 ஆட்டங்களில் இந்தியா அடித்தது 584 கோல். அதில் 201 தயான்சந்த் அடித்தவை. சராசரியாக ஆட்டத்துக்கு 12 கோல்! அப்படிப்பட்ட அணிக்கு ஆடிவிட்டு வந்தவருக்கு அடுத்த வருட பெர்லின் ஒலிம்பிக் அணியில் இடம் கிடைப்பது கிட்டத்தட்ட உறுதி என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அங்கேதான் சிக்கல். 1936 கோடையில் இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் போகிறது. அதே கோடையில் ஹாக்கி அணி பெர்லினுக்குப் போகிறது. கோபாலனுக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்திருந்தது. ஒன்றில்தான் நுழைய முடியும்.

அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கித் தேர்வு ஆட்டங்களுக்குப் போகவில்லை.

இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு தப்பான முடிவு என்று சொல்வது ரொம்ப சுலபம். 1928, 1932 என்று இரண்டு ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வாங்கிய அணியை விட்டுவிட்டு, அதுவரை ஒரு டெஸ்டில்கூட ஜெயிக்காத அணியோடு ஒருத்தர் போவாரா? ஆனால் அவர் இடத்தில் நின்று யோசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. கல்கத்தாவில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடியிருக்கிறார். சென்னையில் வெளியே வைத்துவிட்டார்கள். இப்போது கிரிக்கெட் பிறந்த நாட்டுக்கே போய் நிரூபிக்க ஒரு வாய்ப்பு. பாதியில் நின்றுபோன ஒரு கணக்கை முடிக்க ஆசைப்படாத ஆட்டக்காரர் உண்டா?

ஆகஸ்ட் 15, 1936

அந்த இங்கிலாந்துப் பயணம் இந்திய கிரிக்கெட்டின் கசப்பான அத்தியாயங்களில் ஒன்று. கேப்டன் யார் தெரியுமா? அதே விஸ்ஸி. ஆட்டத்தைவிட அந்தஸ்தால் அந்தப் பதவிக்கு வந்தவர். அணிக்குள் கோஷ்டிகள். அற்புதமாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை, ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி முதல் டெஸ்டுக்கு முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

லார்ட்ஸ் டெஸ்டில் கோபாலன் இல்லை. 9 விக்கெட் தோல்வி. மான்செஸ்டர் டெஸ்டிலும் இல்லை. விஜய் மெர்ச்சென்ட்டும் முஷ்டாக் அலியும் தொடக்க ஜோடியாக 203 ரன் குவித்து மானத்தைக் காப்பாற்றிய டிரா அது. அந்த மேட்சில் சென்னைக்காரர் ஒருவர் களமிறங்கினார். 40 வயதான கோட்டா ராமசாமி. டென்னிஸில் டேவிஸ் கோப்பை ஆடியவர், இவரும் இரண்டு விளையாட்டு வீரர். அவருக்கு வாய்ப்பு வந்தது, கோபாலனுக்கு வரவில்லை. நிசார், அமர்சிங் இருவரும் 3 டெஸ்டிலும் ஆடினார்கள். மூன்றாவது வேகப்பந்து வீச்சாளருக்கான வாய்ப்பு ஜஹாங்கிர் கானுக்குப் போனது.

மூன்றாவது டெஸ்ட் லண்டன் ஓவல் மைதானத்தில். தொடங்கிய நாள் 1936 ஆகஸ்ட் 15. லெவனில் கோபாலன் இல்லை.

அதே நாளில் பெர்லினில் ஹாக்கி இறுதி ஆட்டம். முந்தைய நாளே நடந்திருக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. எதிரணி ஜெர்மனி. ஒலிம்பிக்குக்கு முன் ஒரு பயிற்சி ஆட்டத்தில் இந்தியாவை 4-1 என்று தோற்கடித்திருந்த அணி. இறுதியில் இந்தியா 8-1 என்று நொறுக்கியது. அந்த ஒலிம்பிக் முழுக்க இந்தியா அடித்தது 38 கோல், வாங்கியது அந்த ஒன்றே ஒன்றுதான்.

ஒரே நாள். ஒரு ஊரில் அவர் ஆடியிருக்கக்கூடிய அணி தங்கம் வாங்குகிறது. இன்னொரு ஊரில் அவர் தேர்ந்தெடுத்த அணி அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு டெஸ்ட் ஆடுகிறது. அந்த டெஸ்டிலும் 9 விக்கெட் தோல்வி.

அப்போது சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம்கூடக் கிடையாது, அது 1938-ல்தான் வந்தது. தந்தி மூலம் வந்து பத்திரிகையில் அச்சானதுதான் செய்தி. பெர்லின் வெற்றியையும் ஓவல் நிலவரத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்த சென்னை ரசிகனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ஆசை வைத்த ஆளுக்கு வாய்ப்பே கிடைக்காமல் போன வலி உங்களுக்கும் தெரியும்.

அதற்கப்புறமும் ஓடினார்

இந்தியாவின் அடுத்த டெஸ்ட் 1946-ல். நடுவில் உலகப்போர் வந்துவிட்டது. கோபாலனின் டெஸ்ட் கணக்கு 1 மேட்ச், 18 ரன், 1 விக்கெட் என்பதோடு நின்றது.

பல பேர் இந்த இடத்தில் விலகிவிடுவார்கள். கோபாலன் விலகவில்லை. சென்னைக்காக ஆடினார், அணிக்குத் தலைமை தாங்கினார், 1951-52 வரை முதல்தர கிரிக்கெட்டில் இருந்தார். 1920-களில் தொடங்கியதைக் கணக்குப் போட்டால் 25 வருடம். வேகப்பந்து வீச்சாளருக்கு இது சின்ன விஷயமா? 78 முதல்தர ஆட்டங்கள், 194 விக்கெட்டுகள், 2,900 ரன்களுக்கு மேல்.

அவர் ஆடிய காலத்தில் சென்னை அணி 1935-36, 1940-41 என்று இரண்டு முறை ரஞ்சி இறுதிக்குப் போய் இரண்டிலும் தோற்றது. முதல் கோப்பையை 1954-55-ல் வாங்கியபோது கோபாலன் ஆடி முடித்திருந்தார். இதிலும் ஒரு அடி தள்ளித்தான் நின்றது அதிர்ஷ்டம்.

ஆனால் ஊர் அவரை மறக்கவில்லை. அவருடைய 25 வருட ஆட்டத்தைக் கௌரவிக்க, 1952-53-ல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் டிராபி தொடங்கியது. டெஸ்ட் அந்தஸ்து இல்லாத இலங்கைக்கு அது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று யோசித்துப் பாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் டெஸ்ட் அணியாக எழுந்து நின்ற இலங்கைக்கு, அதற்கு முந்தைய 30 வருடத்தில் கிடைத்த முக்கியமான களங்களில் இதுவும் ஒன்று. தனக்குக் கிடைக்காத மேடையை, தன் பெயரில் ஒரு நாட்டுக்கே அமைத்துக் கொடுத்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

1950-களில் தேசியத் தேர்வாளராகவும் இருந்தார். பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் காத்திருந்தவர், பட்டியல் போடும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

2003 டிசம்பர் 21-ம் தேதி சென்னையில் காலமானார். வயது 94. அப்போது உயிரோடு இருந்த டெஸ்ட் வீரர்களில் உலகத்திலேயே மூத்தவர் அவர்தான்.

கோபாலன் எடுத்தது சரியான முடிவா என்ற கேள்வியை விளையாட்டு எழுத்தாளர்கள் இன்னும் விடவில்லை. பதக்கத்தை வைத்துப் பார்த்தால் நஷ்டம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1936-க்குப் பிறகும் 15 வருடம், டெஸ்ட் அழைப்பு வராது என்று தெரிந்தும், ஒவ்வொரு சீசனும் பந்தைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்த ஒருவரை வெறும் நஷ்டக் கணக்கில் எழுதிவிட முடியாது. அவர் தேர்ந்தெடுத்தது தங்கமா டெஸ்ட் தொப்பியா என்பதை இல்லை, தனக்குப் பிடித்த ஆட்டத்தை. அந்த ஆட்டம் அவரைக் கைவிட்டபோதும் அவர் அதைக் கைவிடவில்லை. நம்ம ஆளு வெளியில இருக்காரே என்று வருத்தப்படுகிற ஒவ்வொரு ரசிகரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய பெயர், எம்.ஜே.கோபாலன்.