வானத்தின் கணக்கைக் கண்டவர்

துன்பம் வந்தால் அண்ணாந்து பார்த்துக் கடவுளை அழைக்கிறோம். கடவுள் எங்கும் இருக்கிறார் என்று பெரியோர்கள் சொல்லுகிறார்கள். அப்படியிருக்க, நம் கண்கள் வானத்தை நாடுவது ஏன்?

கெப்ளர் என்ற வானநூல் அறிஞரின் வாழ்க்கை இதற்கு ஒரு விடை தருகிறது.

ஜோகன்னஸ் கெப்ளர் 1571-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி ஜெர்மனியில் பிறந்தார். தந்தை கூலிக்குப் போர் செய்யும் சிப்பாய். வீட்டை விட்டுப் போனவர் ஒரு நாள் திரும்பாமலே போய்விட்டார். சிறு வயதில் கெப்ளருக்கு அம்மை கண்டது. உயிர் பிழைத்தார், கண் பார்வை மங்கிவிட்டது.

1577-ம் ஆண்டு வானத்தில் பெரிய வால் நட்சத்திரம் தோன்றியது. தாயார் கத்தரினா மகனை ஒரு மேட்டுக்கு அழைத்துச் சென்று அதைக் காட்டினார். அந்தக் காட்சியைக் கெப்ளர் மறக்கவே இல்லை.

பாதிரியார் ஆகவில்லை

பாதிரியார் ஆகவேண்டும் என்று கெப்ளர் படித்தார். ஆனால் 1594-ம் ஆண்டு அவரைக் கணக்கு ஆசிரியர் வேலைக்கு அனுப்பினார்கள். முதலில் வருந்தினார். வானத்தை ஆராய்வதும் கடவுள் தொண்டுதான் என்று பிறகு மனம் தேறினார்.

வானத்தில் குறையே இராது. ஆகவே கிரகங்கள் வட்டமாகத்தான் சுற்றும் என்று அக்கால அறிஞர்கள் நம்பினார்கள். கெப்ளர் செவ்வாய் கிரகத்தின் பாதையைக் கணக்கிட்டார். டைக்கோ பிராகி என்ற அறிஞர் பல ஆண்டுகள் பார்த்து எழுதிய குறிப்புகளோடு ஒப்பிட்டார். சிறு வித்தியாசம் வந்தது. முழு நிலவின் அகலத்தில் ஏறக்குறைய கால் பங்குதான். கெப்ளர் அதையும் விடவில்லை. ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று கண்டுபிடித்து, 1609-ம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார்.

தாய்க்கு வந்த ஆபத்து

1615-ம் ஆண்டு தாயார் மீது ஒரு பெண் பழி சுமத்தினாள். கத்தரினா கொடுத்த பானத்தால் தனக்கு நோய் வந்தது, அவர் சூனியக்காரி என்றாள். 1620-ம் ஆண்டு கத்தரினாவைக் கைது செய்தார்கள். 70 வயதைக் கடந்த மூதாட்டியைச் சங்கிலியில் பூட்டினார்கள். குற்றம் உறுதியானால் மரண தண்டனை!

ஆஸ்திரியாவில் இருந்த கெப்ளர் ஓடிவந்தார். குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக மறுத்து வாதாடினார். சித்திரவதைக் கருவிகளைக் காட்டியபோதும் தாயார் அஞ்சவில்லை. 14 மாதங்களுக்குப் பின், 1621-ம் ஆண்டு விடுதலை கிடைத்தது. ஆறே மாதத்தில் அந்த அம்மையார் இறந்தார்.

இந்தப் பழி தலைக்கு மேல் தொங்கிய காலத்தில்தான், 1619-ம் ஆண்டு, கிரகங்களின் தூரத்தையும் அவை சூரியனைச் சுற்றும் காலத்தையும் இணைக்கும் விதியைக் கெப்ளர் வெளியிட்டார்.

1630-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி அவர் மறைந்தார். போரில் அவருடைய கல்லறையும் அழிந்தது. அவர் கண்ட கணக்கு அழியவில்லை. இன்று மனிதன் அனுப்பும் செயற்கைக் கோள்களும் அதன்படியே சுற்றுகின்றன.

பூமியில் நியாயம் தடுமாறுகிறது. தாய் மீதே பழி விழுகிறது. மேலே சூரியனும் சந்திரனும் முறை தவறுவதில்லை. தவறாத ஒன்று எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கைதான் நம் கண்களை வானத்தின் பக்கம் திருப்புகிறது.