பிரித்துப் பார்த்த மேதை ஜி.டி.நாயுடு



ஜலகண்டாபுரத்தில் எங்க வீட்டில் எந்நேரமும் விசைத்தறிச் சத்தம்தான். எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். போன செமஸ்டர் வைவாவில், பஸ்ஸுக்கு ஏன் பின்சக்கரத்தில் இழுவை, மாருதி 800-க்கு ஏன் முன்சக்கரத்தில் என்று கேட்டார்கள். படத்தை மனப்பாடம் செய்திருந்தேன்; காரணம் தெரியவில்லை. பேசாமல் தறிக்கே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. அந்த நேரத்தில் படித்ததுதான் ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கை.

1893-ல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்தவர். பள்ளிக்கூடம் பிடிக்காமல் சின்ன வயசிலேயே நின்றுவிட்டார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் மேல் ஆசைப்பட்டு, கோவை ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் அதைச் சுக்குச் சுக்காகப் பிரித்து, மறுபடியும் பூட்டினார்! 1920-ல் பஸ் வாங்கி, பொள்ளாச்சி–பழனி தடத்தில் தானே ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

அவரைப் பார்த்து நானும் லீவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு அடியில் படுத்தேன். முன்னால் இன்ஜின் வைத்த பஸ்ஸில் கியர்பாக்ஸ், நீண்ட புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் வழியாகப் பின்சக்கரத்துக்குச் சக்தி போகிறது. ஆள் ஏற ஏற, மேடு ஏற ஏற பாரம் பின்னால் விழும், பிடிப்பும் கூடும். மாருதி 800-ல் எல்லாம் முன்னாலேயே அடக்கம். நீண்ட ஷாஃப்ட் இல்லாததால் எடை குறைவு, உள்ளே இடம் தாராளம். இன்ஜின் பாரமே முன்சக்கரத்தை அழுத்துகிறது. ஆனால் இழுப்பதும் திரும்புவதும் அதே சக்கரங்கள்தான். ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸ் நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும். சேற்றில் அது எளிதில் சிக்காது. எடையும் எண்ணெய்ச் செலவும் கூடுதல். ஆக, எது உசத்தி என்பதல்ல கேள்வி. பாரம் எங்கே விழுது என்பதே கேள்வி.

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் தயாரித்தார் ஜி.டி.நாயுடு. எங்க தறியும் மோட்டார், பெல்ட், கிராங்க் ஷாஃப்ட் என்றுதானே ஓடுது! பள்ளியை விட்டு ஓடியவர், 1945-ல் கோவையில் பாலிடெக்னிக் உருவாகக் காரணமாக இருந்தார். கைவேலையோடு சேர்ந்த குறுகிய காலப் படிப்பே போதும் என்பது அவர் கொள்கை. 1974-ல் மறைந்தார்.

இப்போது எங்க அப்பாவுக்குத் தறியைக் காட்டியே டிஃபரென்ஷியல் வரை விளக்கிவிட்டேன். அடுத்த வைவாவுக்குப் பயமில்லை. மனப்பாடத்தை மூட்டை கட்டுவோம். ஸ்பேனரை எடுப்போம், நண்பர்களே!