டாக்டரின் கைராசியை எண்ணிப் பார்க்க முடியுமா? பகையைச் சம்பாதித்த எர்னஸ்ட் காட்மனின் கதை

நல்ல டாக்டர் யார் என்று கேட்டால் நம்மிடம் ரெடிமேட் பதில்கள் உண்டு. பெயருக்குப் பின்னால் நீளும் பட்டங்கள், நரைத்த தலை, கிளினிக் வாசலில் நிற்கும் கூட்டம். எதுவும் தோன்றாவிட்டால் இருக்கவே இருக்கிறது கைராசி.

அந்தக் கைராசியை எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியும் என்று 1900 வாக்கில் பிடிவாதமாக நின்றார் ஓர் அமெரிக்க சர்ஜன். ஒரு டாக்டரின் திறமையை எப்படி அளப்பது என்று இன்று நடக்கும் ஆராய்ச்சிகளுக்கு அவர் ஒரு முன்னோடி. ஆனால், அதற்காக அவர் கொடுத்த விலை பெரியது.

யார் இந்த காட்மன்?

எர்னஸ்ட் அமோரி காட்மன் 1869-ல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் படித்தார். பின்னாளில் மூளை அறுவை சிகிச்சையின் தந்தை என்று பெயரெடுத்த ஹார்வி குஷிங் அவருடைய வகுப்புத் தோழர்.

அந்தக் காலத்தில் ஆபரேஷனின்போது ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கமடையச் செய்வது மாணவர்களின் வேலை. முறையான பயிற்சி எதுவும் கிடையாது. குஷிங் மயக்க மருந்து கொடுத்த நோயாளி ஒருவர் இறந்தே போனார். அதன் பிறகு, யார் நன்றாக ஈதர் கொடுக்கிறார்கள் பார்க்கலாம் என்று நண்பர்கள் இருவரும் பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் டின்னர் வாங்கித் தர வேண்டும். ஜெயித்தது யார் என்று தெரிய வேண்டுமானால் குறித்து வைக்க வேண்டுமே! நாடித் துடிப்பு, மூச்சு விடும் வேகம் என நோயாளியின் நிலையை ஆபரேஷன் முடியும் வரை தாளில் பதிவு செய்தார்கள். இன்று எல்லா ஆபரேஷன் தியேட்டர்களிலும் இருக்கும் மயக்க மருந்துப் பதிவேட்டின் தொடக்கங்களில் ஒன்று, 1894-95-ல் நடந்த இந்த விளையாட்டுப் பந்தயம்.

ஒரு அட்டை, ஒரு கேள்வி

படிப்பை முடித்து, பாஸ்டனின் புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சர்ஜன் ஆனார் காட்மன். அங்கே அவரை உறுத்தியது ஒரு விஷயம். ஆபரேஷன் நடக்கிறது, நோயாளி வீட்டுக்குப் போகிறார். அத்தோடு சரி. அவர் பிறகு குணமானாரா, படுத்த படுக்கையானாரா, யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஏற்பாடும் இல்லை.

காட்மன் கண்ட வழி ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. என்ன தொந்தரவுடன் வந்தார், டாக்டர் என்ன நோய் என்று நினைத்தார், என்ன சிகிச்சை கொடுத்தார், என்ன சிக்கல் வந்தது என்று அதில் எழுத வேண்டும். ஓராண்டு கழித்து நோயாளியைத் தேடிப் பிடித்து, இப்போது எப்படி இருக்கிறார் என்றும் எழுத வேண்டும். குணமாகவில்லை என்றால், ஏன் என்று ஆராய வேண்டும். இதற்கு அவர் வைத்த பெயர், இறுதி விளைவுத் திட்டம்.

தொழிற்சாலை தன் சரக்கின் தரத்தைச் சோதிக்கிறது. மருத்துவமனை மட்டும் ஏன் சோதிப்பதில்லை என்பதுதான் அவருடைய வாதம்.

பணிமூப்பா, திறமையா?

காட்மனின் கேள்வி நேராகப் போய் இடித்தது சீனியாரிட்டியில். அன்றைய மருத்துவமனைகளில் பதவி உயர்வு சர்வீஸ் கணக்குப்படிதான். யார் கையில் நோயாளிகள் அதிகம் பிழைக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

1914-ல் இந்த முறையை எதிர்த்து ராஜினாமா செய்தார். கையோடு, அதே மருத்துவமனையின் தலைமை சர்ஜன் பதவிக்கு விண்ணப்பமும் போட்டார்! தன் நோயாளிகளின் விளைவுகள் மற்றவர்களுடையதைவிட நன்றாக இருக்கின்றன, இல்லை என்பவர்கள் கணக்கைக் காட்டட்டும் என்பது அதன் பொருள். யாரிடமும் கணக்கு இல்லை. பதவியும் அவருக்குக் கிடைக்கவில்லை.

1915 ஜனவரியில் பாஸ்டன் டாக்டர்கள் கூடிய கூட்டத்தில் அவர் ஒரு பெரிய கார்ட்டூனைத் திறந்து வைத்தார். நகர மேயரும் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார். படத்தில் மணலுக்குள் தலையைப் புதைத்த ஒரு நெருப்புக்கோழி. அதுதான் நகரத்தின் பணக்கார நோயாளிகள். அது இடும் பொன் முட்டைகள் போய்ச் சேருவது டாக்டர்களிடம். உண்மை தெரிந்தால் கோழி முட்டையிடுமா என்று யோசித்து நிற்கிறார்கள் மருத்துவமனை நிர்வாகிகளும் ஹார்வர்டு தலைவரும்.

கூட்டம் கொந்தளித்தது. மருத்துவச் சங்கத்தில் வகித்த தலைமைப் பொறுப்பு போனது. ஹார்வர்டு ஆசிரியர் பணியும் போனது. சக டாக்டர்கள் அவரை ஒதுக்கினார்கள்.

தன் தவறுகளை அச்சடித்தவர்

அடுத்தவரைக் குறை சொல்வது யாருக்கும் சுலபம். காட்மன் வேறுபடுவது இங்கேதான். 1911-லேயே பாஸ்டனில் சொந்தமாக ஒரு சிறிய மருத்துவமனை தொடங்கியிருந்தார். அங்கே 1911 முதல் 1916 வரை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் 337 பேர். அவர்களுடைய சிகிச்சையில் நடந்த தவறுகள் என்று அவரே கண்டுபிடித்தவை 123.

எல்லாவற்றையும் அச்சடித்து வெளியிட்டார். சும்மா பட்டியல் போடவில்லை. அறிவும் கைத்திறனும் போதாததால் வந்தது எது, தவறான முடிவால் வந்தது எது, கவனிப்போ கருவியோ இல்லாததால் வந்தது எது, நோயைச் சரியாகக் கண்டுபிடிக்காததால் வந்தது எது என்று தவறுகளைப் பிரித்தார். யார் தவறும் இல்லாமல் நோயின் கடுமையால் நேர்ந்த தோல்விகளைத் தனியே வைத்தார். அந்த மருத்துவமனை 1918-ல் மூடப்பட்டது.

உலைக்குப் போன அறிக்கைகள்

காட்மனின் யோசனை மட்டும் சாகவில்லை. 1913-ல் அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரி என்ற அமைப்பு உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு. மருத்துவமனைகளின் தரத்தை வரையறுக்கும் குழுவுக்கு அவர் தலைவராக இருந்திருக்கிறார்.

பின்னர் அந்த அமைப்பு, 100 படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட 692 மருத்துவமனைகளைச் சோதித்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் பதிவேடு உண்டா, எக்ஸ்ரே உண்டா, டாக்டர்கள் கூடித் தங்கள் வேலையை மதிப்பிடுகிறார்களா என்பது போன்ற அடிப்படைக் கேள்விகள்தான். தேறியவை வெறும் 89. பெரிய பெயர் எடுத்த மருத்துவமனைகளும் ஃபெயில். 1919-ல் முடிவை அறிவித்தபோது மொத்த எண்ணிக்கையை மட்டும் சொன்னார்கள். பெயர் பட்டியல் பத்திரிகைகளுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று, நியூயார்க் ஓட்டல் ஒன்றின் உலையில் போட்டு எரித்துவிட்டார்கள்.

காட்மன் சும்மா இருக்கவில்லை. எலும்புப் புற்றுநோயாளிகளின் விவரங்களை நாடு முழுவதிலிருந்தும் திரட்டிப் பதிவேடு தொடங்கினார். தோள்பட்டை பற்றி 1934-ல் எழுதிய நூல் அத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. 1940-ல் இறந்தார். புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல்கூட இல்லை.

இன்றைய ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

காட்மனின் எதிர்ப்பாளர்கள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. முற்றிய நோயாளிகளை எடுத்துக்கொள்ளும் டாக்டரிடம் மரணங்கள் கூடத்தான் செய்யும். அவரைத் திறமையற்றவர் என்று சொல்லிவிட முடியுமா? அதனால்தான் பிற்கால ஆய்வாளர்கள் நோயாளியின் வயது, நோயின் தீவிரம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்து விளைவைச் சரிக்கட்டும் முறையை வளர்த்தார்கள். நியூயார்க் மாநிலம் 1989 முதல் இதய பைபாஸ் ஆபரேஷன்களை இப்படி அளந்தது. சர்ஜன் வாரியான விவரம் வெளியே வந்தது, நியூஸ்டே நாளிதழ் 1991-ல் வழக்குப் போட்டு ஜெயித்த பிறகுதான். சிக்கலான நோயாளிகளை டாக்டர்கள் தவிர்த்துவிடுவார்களோ என்ற கவலை அப்போதே எழுந்தது. இன்னும் தீரவில்லை.

1990-ல் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் டாக்டரின் திறமையை நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரிந்திருப்பது, எப்படிச் செய்வது என்று அறிந்திருப்பது, தேர்வில் செய்துகாட்டுவது, அன்றாட வேலையில் நிஜமாகவே செய்வது. எழுத்துத் தேர்வு அளப்பது கீழ்ப்படிகளைத்தான். காட்மன் கேட்டது உச்சிப்படியைத் தாண்டிய கேள்வி.

சீனியாரிட்டி விஷயத்திலும் அவர் சந்தேகப்பட்டது வீண் போகவில்லை. 2005-ல் 62 ஆய்வு மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றில், பணியாற்றிய ஆண்டுகள் கூடக்கூட டாக்டர்களின் அறிவோ சிகிச்சைத் தரமோ எல்லா அளவுகோல்களிலும் குறைந்திருந்தது. புதிதாகக் கற்றுக்கொள்வது நின்றுபோனால் அனுபவம் மட்டும் கைகொடுக்காது என்பதே அதன் எச்சரிக்கை.

2013-ல் மிச்சிகன் மாநிலத்தில் உடல் பருமன் ஆபரேஷன் செய்யும் 20 சர்ஜன்களின் வீடியோக்களை, யாருடையது என்று சொல்லாமல் சக சர்ஜன்களிடம் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். மதிப்பெண் வரிசையில் கடைசிக் கால்பங்கினரின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்தன. முதல் கால்பங்கினரிடம் அது 5.2 சதவீதம்தான். கைராசி என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, பார்த்து மதிப்பெண் போடக்கூடிய கைத்திறன்!

1996-ல் அமெரிக்காவில் மருத்துவத் தரத்துக்கான விருது ஒன்றுக்கு காட்மன் பெயர் வைக்கப்பட்டது. 2014-ல் அவருடைய கல்லறையில் பெயர்க்கல்லும் நின்றது, இறந்து 74 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன் கட்டணத்தையும் இன்சூரன்ஸையும் விசாரிக்கிறோம். இதே ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், ஓராண்டு கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்றும் தயங்காமல் கேட்கலாம். எண்ணி வைத்திருக்கும் டாக்டர் பதில் சொல்வார்.