கோபுர உச்சியில் கதே

1770ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் சட்டம் பயில ஸ்ட்ராஸ்பேர்க் நகருக்கு வந்து சேர்ந்த இருபது வயது இளைஞர் ஒருவருக்கு உயரம் என்றாலே தலை சுற்றியது. பலத்த சத்தம் ஒத்துக்கொள்ளாது. நோயாளரைப் பார்த்தால் அருவருப்பு. இருண்ட தேவாலயங்களும் மயானங்களும் அவரை நடுங்க வைத்தன. பின்னாளில் ஜேர்மன் மொழியின் பெருங்கவிஞராக உலகம் கொண்டாடிய கதேதான் அவர்.

1749இல் பிராங்க்பேர்ட்டில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். லைப்சிக்கில் படித்தபோது 1768இல் கடும் நோய் கண்டு வீடு திரும்பினார். உடல் தேறியது, நரம்புத் தளர்ச்சி மட்டும் மிஞ்சியது. இப்படியே வாழ்ந்துவிடலாகாது என்று அவர் முடிவெடுத்தார்.

ஸ்ட்ராஸ்பேர்க் பேராலயத்தின் கோபுரம் 142 மீற்றர் உயரமானது. அக்காலத்தில் உலகிலேயே அதைவிட உயர்ந்த கட்டடம் இல்லை. கதே தனியாக அதன் உச்சிவரை ஏறினார். முடிப்பகுதிக்குக் கீழே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு திறந்த வெளிக்கு வந்தார். நிற்க ஒரு முழச் சதுரம்கூட இல்லாத கல், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. காலடியிலுள்ள கட்டடம் கண்ணுக்குத் தெரியாததால், பலூனில் ஏறி அந்தரத்தில் நிற்பது போலிருந்ததாம். ஒருமுறை ஏறியதோடு அவர் விடவில்லை. அந்த உயரம் தம்மை ஒன்றும் செய்யாது என்றாகும்வரை திரும்பத் திரும்ப ஏறினார்.

மற்ற அச்சங்களையும் இப்படியே எதிர்கொண்டார். மாலையில் படையினர் முரசறைந்து செல்லும்போது, நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தும் அவர்களை ஒட்டியே நடந்தார். சட்ட மாணவராயிருந்தும் உடற்கூற்று வகுப்புகளுக்குப் போனார்.

இன்றைய உளவியலாளர் இதனைக் கண்டவுடன் நடத்தைச் சிகிச்சை என்பார். பயம் உச்சத்தில் இருக்கையில் ஓடிவிட்டால், ஓடியதால்தான் தப்பினோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்தமுறை பயம் இன்னும் பெருக்கும். ஓடாமல் நின்றால் அது மெல்ல வடிகிறது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்குப் பயந்த பீற்றர் என்ற சிறுவன் சாப்பிடும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்து அவனது அச்சத்தைப் போக்கினார். தென்னாபிரிக்க உளமருத்துவர் ஜோசப் வோல்பே 1958இல் வெளியிட்ட நூலும் படிப்படியாகச் செல்லும் வழியையே விளக்கியது. கதேயோ எடுத்த எடுப்பிலேயே கடைசிப் படியில் போய் நின்றவர். நம்மில் யாரும் அப்படித் துணையின்றித் துணிய வேண்டியதில்லை. சிகிச்சையாளர் அருகிருக்க, சின்ன உயரத்திலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு.

கதேக்குப் பலன் கிடைத்தது. மலைப் பயணங்களிலும், கட்டடங்களில் தச்சரோடு வெறும் உத்தரங்களின் மேல் நடந்தபோதும் அவர் கால் தடுமாறவில்லை. பாரசீகக் கவி ஹாபிஸில் மனம் தோய்ந்து 1819இல் ஒரு கவிதை நூலே தந்த கதே, 1832இல் வைமாரில் காலமானார்.

அறுபது கடந்தபின் எழுதிய தன்வரலாற்றில் இவற்றையெல்லாம் அவர் நினைவுகூர்ந்தார். இரவில் மயானங்களுக்கும் தேவாலயங்களுக்கும் போய்ப் போய், இருளும் பகலும் அவருக்கு ஒன்றாகிவிட்டிருந்தன. எந்த அளவுக்கென்றால், இளமையில் அங்கே உடல் சிலிர்த்த அந்த இனிய திகிலை மறுபடி உணர ஆசைப்பட்டு, பயங்கரமான காட்சிகளையெல்லாம் கற்பனை செய்து பார்த்தும் அது சரியாக வாய்க்கவே இல்லை.